மண்டியிட்ட வில்லன்... தீர்ப்பு உங்கள் கையில்!

சினிமாவில் வில்லன் தோற்றதும் நமக்கு வேலை முடிந்துவிடும். அவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து தானாகவே கால் இடறி விழுவான். ஹீரோவின் சட்டையில் ஒரு துளி ரத்தம்கூடப் படாது. இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். நாமும் நிம்மதியாக எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

வீடியோ கேமில் அப்படி எழுந்து போக முடியாத ஓர் இடம் உண்டு. சண்டை முடிந்து வில்லன் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பான். திரையின் கீழே இரண்டு மூன்று வரிகள் வந்து நிற்கும். கொல்வதா, விடுவதா, வேறு ஏதாவதா? நீங்கள் பட்டனைத் தட்டுகிற வரை கதை ஓர் அங்குலம்கூட நகராது. உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் எதுவும் செய்யாமல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால், கரன்ட் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒருவேளை யாருக்கோ தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம்!

இந்த வகை விளையாட்டுக்கு 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். ஒரு கதாபாத்திரமாகவே மாறி, கதைக்குள் நடந்து, பேசி, முடிவெடுத்து விளையாடுவது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் கொண்டுவந்த 'டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இதற்கெல்லாம் பாட்டி. அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், கொஞ்சம் பேப்பர், பகடைகள், கதை நடத்த ஒருவர். அந்த மேஜையிலேயே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. தோற்றுப்போன குட்டிப் பிசாசு ஒன்று கத்தியைக் கீழே போட்டுக் கும்பிட்டால் என்ன செய்வது? அழைத்துக்கொண்டு அலைய முடியாது. விட்டால் போய் ஆள் திரட்டிக்கொண்டு வரும். கொன்றால், 'நான் நல்லவன்' என்று பேப்பரில் எழுதிவைத்திருப்பது பொய்யாகிவிடும். பழைய விதிகளின்படி, தர்மவீரனாக விளையாடுபவர் அக்கிரமம் செய்தால் அவருடைய தெய்வ சக்தியே பறிபோய்விடும். நண்பர்களுக்குள் இதற்காக நடந்த வாக்குவாதங்களுக்கு அளவே கிடையாது.

கம்ப்யூட்டர் கேம்களில் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டது எது என்றால், என் ஓட்டு 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கேமுக்குத்தான். கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2009 நவம்பரில் வெளிவந்தது. (17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.) அதில் வரும் வில்லன் பெயர் லோகெய்ன்.

யார் இந்த லோகெய்ன்?

ஃபெரெல்டன் என்று ஒரு கற்பனை நாடு. பக்கத்தில் ஆர்லே என்று ஒரு பேரரசு. பல வருடம் ஃபெரெல்டனை அடிமையாக வைத்திருந்த நாடு அது. சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்த லோகெய்ன், இளவரசர் மாரிக்கின் தோளோடு தோள் நின்று போராடி அந்த நாட்டை மீட்டவர். கேம் தொடங்கும்போது அதெல்லாம் நடந்து 30 வருடம் ஆகிவிட்டது. மாரிக் இல்லை. அவர் மகன் கெய்லன்தான் அரசர். லோகெய்னின் மகள் அனோரா அரசி. ஆக, வில்லன் என்று நாம் சொல்லும் ஆள் நாட்டுக்கு விடுதலை வீரர், அரசருக்கு மாமனார்.

பாதாளத்திலிருந்து டார்க்ஸ்பான் என்ற அரக்கர் கூட்டம் கிளம்பி வருகிறது. அவற்றை ஒழிப்பதற்காகவே வாழும் 'கிரே வார்டன்கள்' என்ற வீரர்களோடு சேர்ந்து, ஆஸ்டகர் என்ற இடத்தில் அரசர் முன்னணியில் நிற்கிறார். கோபுரத்தில் தீ ஏற்றியதும் லோகெய்னின் படை பக்கவாட்டில் பாய வேண்டும். அதுதான் திட்டம். தீ எரிகிறது. லோகெய்ன் பார்க்கிறார். படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

அரசர் செத்தார். வார்டன்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் செத்தார்கள். நாடு முழுக்க, 'வார்டன்கள்தான் துரோகிகள்' என்று பழி. தப்பியவர்கள் இருவர். ஒருவர் நீங்கள். இன்னொருவர் அலிஸ்டர் என்ற இளைஞன். தன்னை வார்டனாக்கிய குருவை அந்தக் களத்தில் பறிகொடுத்தவன். மறைந்த மாரிக்கின் வெளியே தெரியாத மகனும்கூட.

லோகெய்ன் அதோடு நிற்கவில்லை. எதிர்த்த பிரபுவுக்கு விஷம் வைக்க ஏற்பாடு செய்தார். உங்களைக் கொல்ல கூலிப்படையை அனுப்பினார். போருக்குப் பணம் வேண்டும் என்று, தலைநகரின் சேரியில் வாழும் எல்ஃப் மக்களை வெளிநாட்டு அடிமை வியாபாரிகளுக்கு விற்க வழிவிட்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான்: நாடு மறுபடி ஆர்லேயின் கையில் விழுந்துவிடக் கூடாது. கெய்லன் ஆர்லேயின் உதவியை நம்பிக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் போர் எப்படியும் தோற்றிருக்கும், மிச்சப் படையையாவது காப்பாற்றினேன் என்பது அவர் வாதம். அது உண்மையா என்று கேம் கடைசிவரை அடித்துச் சொல்வதே இல்லை.

2010-ல் வந்த கூடுதல் அத்தியாயம் ஒன்றில் ஆஸ்டகருக்குத் திரும்பிப் போகலாம். அங்கே அரசரின் பெட்டியில் சில கடிதங்கள் கிடைக்கும். ஆர்லேயின் பேரரசியோடு அவருக்கு இருந்த நெருக்கம் அவற்றில் தெரியும். அனோராவைத் தள்ளிவைக்கச் சொல்லும் யோசனையும் இருக்கும். தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு புது சாட்சி கிடைத்தால் நீதிபதிக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது பலருக்கு.

சபை கூடுகிறது

நாட்டின் பிரபுக்கள் எல்லாம் கூடும் லேண்ட்ஸ்மீட் சபையில்தான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. நீங்கள் ஆதாரங்களை எடுத்து வைக்கிறீர்கள். பிரபுக்கள் வாக்களிக்கிறார்கள். யார் ஜெயித்தாலும் கடைசியில் ஒற்றைக்கு ஒற்றை வாள் சண்டை. நீங்களே இறங்கலாம். உங்கள் ஆட்களில் ஒருவரை அனுப்பலாம். (வளர்ப்பு நாயைக்கூட அனுப்பலாம். நாட்டின் மாபெரும் தளபதி நாயிடம் தோற்ற கதை, ரசிகர்களிடம் இன்றும் பிரசித்தம்.) அலிஸ்டரை அனுப்பினால் மட்டும் உங்களுக்கு ஆப்ஷனே வராது. ஜெயித்த கையோடு அவனே வெட்டிவிடுவான்.

நீங்கள் ஜெயித்தால், லோகெய்ன் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். அப்போது ரியோர்டன் என்ற மூத்த வார்டன் குறுக்கே வந்து ஒரு யோசனை சொல்கிறார்: கொல்ல வேண்டாம், வார்டனாக்கிவிடுங்கள். நம்மிடம் ஆளே இல்லை.

வார்டன் ஆவது சாதாரணச் சடங்கு இல்லை. அரக்கரின் ரத்தத்தைக் குடிக்க வேண்டும். பலர் அங்கேயே சாவார்கள். பிழைத்தாலும் சில பத்து வருடங்களில் அந்த ரத்தமே ஆளைக் கொன்றுவிடும். அதனால், இதை மன்னிப்பு என்று முழுதாகச் சொல்ல முடியாது. தூக்குத் தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது.

அனோரா அப்பாவுக்காகக் கெஞ்சுகிறாள். அலிஸ்டர் கொதிக்கிறான். என் குருவைக் கொன்றவனுக்கு, அவர் வகித்த அதே கௌரவமா என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. நீங்கள் லோகெய்னைச் சேர்த்துக்கொண்டால், ஆரம்பத்திலிருந்து உங்களோடு நடந்து, கூடாரத்துக்குக் கூடாரம் ஜோக் அடித்து, உங்களில் சிலரைக் காதலித்தும் இருந்த அலிஸ்டர் அந்த நிமிடமே உங்கள் குழுவைவிட்டுப் போய்விடுவான். அதற்கு முன் நீங்கள் எடுத்த முடிவுகளைப் பொறுத்து அவன் அரசனாகலாம். நாடு கடத்தப்பட்டு, 2011-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஏதோ ஒரு சாராயக் கடையில் குடித்துச் சீரழிந்த நிலையிலும் உங்கள் கண்ணில் படலாம்.

கொன்றால்? அனோரா பார்க்கப் பார்க்கத்தான் அது நடக்கும். கடைசி நிமிடத்தில் அந்தக் கிழட்டுத் தளபதி, அரசியான மகளிடம் அவள் இன்னும் சின்னப் பெண் என்பது போலப் பேசுவார். பழிவாங்கிவிட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார விடாத காட்சி.

எனக்கு இந்தக் காட்சியில் பிடித்தது வேறொன்று. இந்த கேமை ஆறு விதமான பிறவிகளில் தொடங்கலாம். பிரபு வீட்டுப் பிள்ளையாகத் தொடங்கினால், உங்கள் அப்பா அம்மாவைக் கொன்ற ஆள், லோகெய்னின் வலதுகையாக இருப்பான். சேரியில் பிறந்த எல்ஃபாகத் தொடங்கினால், அடிமையாக விற்கக் கூண்டில் அடைத்திருப்பவர்களில் உங்கள் சொந்த அப்பாவும் இருப்பார். பூமிக்கடியில் வாழும் குள்ளர் இனத்தில் தொடங்கினாலோ, ஃபெரெல்டனின் சண்டையே உங்களுக்கு ஊரார் வீட்டுச் சண்டை. குற்றவாளி ஒருவர்தான், நீதிபதிகள் ஆறு பேர். அடுத்தடுத்துப் பிறவிகளில் விளையாடியவர்கள், முதல் தடவை எளிதாக மன்னித்தவரை அடுத்த தடவை மன்னிக்க முடியாமல் திணறுவது இதனால்தான்.

சபையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கை தூக்குவது முழுக்கப் பிரபுக்கள். விற்கப்பட்ட சேரி மக்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கு கிடையாது. லோகெய்னைத் தண்டிப்பதா விடுவதா என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. நீங்கள் பெருந்தன்மையோடு மன்னிக்கும்போது, யாருடைய சார்பில் மன்னிக்கிறீர்கள்? இந்த இடம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எதிரியை அழிக்காமல் தன் பக்கம் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. சூரசம்ஹாரத்தில் மாமரமாகி நின்ற சூரபத்மன் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் ஆகிறான். ஒன்று முருகனுக்கு வாகனம், மற்றது கொடி. அங்கே கோபித்துக்கொண்டு வெளியேறும் நண்பன் யாரும் இல்லை. அதனால் கதை அழகாக முடிந்துவிடுகிறது.

'லோட்' செய்துகொள்ளலாமே?

கேம்தானே, தப்பாகப் போனால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாமே என்று கேட்பீர்கள். அந்தக் குறுக்கு வழியையே கிண்டல் செய்தது 2015-ல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய 'அண்டர்டேல்'. அதில் எந்த அரக்கரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். ஆரம்பத்திலேயே உங்களைத் தாய்போலப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவ் ஃபைலைத் திறந்து அவளை உயிரோடு விட்டால், ஃப்ளவி என்ற பேசும் பூ உங்களைப் பார்த்துச் சிரிக்கும். நீ செய்தது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும். கடைசியில் அந்தப் பூவே தோற்று உங்கள் முன் கிடக்கும்போது, ஒரு தடவை மன்னித்தால் போதாது. அது திட்டத் திட்ட, நீங்கள் திரும்பத் திரும்ப 'மன்னிக்கிறேன்' பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை போய் அடித்துவிட்டவர்களும் உண்டு.

2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் நிலைமை தலைகீழ். பார்த்தர்னாக்ஸ் என்ற கிழ டிராகன், ஒரு காலத்தில் மனிதர்களைக் கொன்று குவித்த கூட்டத்தின் தளபதி. பிறகு மனம் மாறி, மலை உச்சியில் தவம்போல வாழ்ந்துகொண்டு உங்களுக்கே வித்தை கற்றுத்தருகிறது. பழைய கணக்குக்காக அதைக் கொல், இல்லாவிட்டால் இனி உதவி கிடையாது என்று ஓர் அமைப்பு உங்களை நெருக்கும். 'முடியாது, நீங்கள் என் பேச்சைக் கேளுங்கள்' என்று திருப்பிச் சொல்ல அந்த கேமில் ஆப்ஷனே இல்லை. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அப்படிச் சொல்லும் வசதியைத் தாங்களே 'மோட்' எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

2014-ல் டிராகன் ஏஜின் மூன்றாம் பாகம் 'இன்க்விசிஷன்' வந்தபோது, தீர்ப்பு சொல்வதையே ஒரு வேலையாக்கிவிட்டார்கள். கோட்டையில் சிம்மாசனத்தில் நீங்கள் உட்கார, கைதிகளை ஒவ்வொருவராகக் கொண்டுவருவார்கள். நோயாளி மகனைக் காப்பாற்றத் துடித்து உலகத்தையே பணயம் வைத்த ஒரு மந்திரவாதி வருவார். பார்த்தால் பாவமாக இருக்கும். உங்கள் கோட்டைச் சுவர் மீது ஆட்டைத் தூக்கி எறிந்த குற்றத்துக்காக ஒரு மலைவாசித் தலைவரும் வருவார். ஆமாம், ஆடுதான்! அவர் மகனை நீங்கள் கொன்றுவிட்டீர்கள். அதற்கு அவர்கள் வழக்கப்படியான எதிர்ப்பாம் அது.

அதே பாகத்தில் லோகெய்னும் திரும்பி வருகிறார். ஆரிஜின்ஸில் அவரை நீங்கள் உயிரோடு விட்டிருந்தால் மட்டும். கடைசிப் போரில் அரக்கர் தலைவனான டிராகனைக் கொல்லும் வார்டன் தானும் சாக வேண்டும் என்பது, சபை முடிந்த பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். (தப்பிக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. அது வேறு கதை.) அந்தச் சாவை நான் ஏற்கிறேன் என்று லோகெய்னே முன்வருவார். சரி என்று விட்டவர்களுக்குக் கதை அங்கே முடிந்தது. வேண்டாம் என்று தடுத்தவர்களின் லோகெய்ன் பிழைத்தார். வார்டன்கள் அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? வாழ்நாள் எல்லாம் அவர் வெறுத்த ஆர்லேக்கு.

இன்க்விசிஷன் விளையாடும் முன், பழைய பாகங்களில் எடுத்த முடிவுகளை 'டிராகன் ஏஜ் கீப்' என்ற இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம். லோகெய்ன் உயிரோடு இருக்கிறார் என்று பதிந்தவர்கள், கதையின் நடுவில் கனவுலகம் போன்ற ஓர் இடத்தில் அவரோடு மாட்டிக்கொள்கிறார்கள். வழியை அடைத்து ஒரு ராட்சத உருவம். மற்றவர்கள் தப்ப வேண்டுமானால் ஒருவர் பின்னால் நின்று அதைத் தடுக்க வேண்டும். நின்றவர் வரப்போவதில்லை. ஒருவர், இரண்டாம் பாகம் முழுக்க நீங்களாகவே இருந்து விளையாடிய ஹாக். இன்னொருவர், ஐந்து வருடம் முன்பு நீங்கள் வெட்டாமல் விட்ட லோகெய்ன். இருவருமே 'நான் நிற்கிறேன்' என்கிறார்கள். திரையில் மறுபடியும் அந்த ஆப்ஷன்கள் வந்து நிற்கின்றன.