மழையில்லாமல் நனைந்த கடலை

போன ஐப்பசியில் நிலக்கடலை பிடுங்கிக் களத்தில் காயப்போட்டேன். "மூட்டந்தான்டா, மழை எறங்காது" என்றார் அப்பா. சொன்னபடியே ஒரு சொட்டும் விழவில்லை. ஆனாலும் நாலாம் நாள் காயெல்லாம் பூஞ்சணம். விதைக்கு வைத்ததும் போச்சு.

மேகத்தையே பார்த்தேன், காற்றைப் பார்க்கவில்லை. காற்றிலுள்ள நீராவி கண்ணுக்குத் தெரியாது. காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால் நீராவி நுண்தூசியில் படிந்து மேகத்துளியாகும். ஏறக்குறைய 10 லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. துளி பெருக்காவிட்டால் மழை கிடையாது. ஆனால் கீழே காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் புழுங்கும், கடலையும் காயாது.

இப்போ நிழலில் இரண்டு வெப்பமானி தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றின் குமிழில் ஈரத்துணி. காற்று வறண்டிருந்தால் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி, அந்த அளவு இறங்கும். வெறும் குமிழ் 30 டிகிரி, ஈரக்குமிழ் 22 என்றால் ஈரப்பதம் சுமார் 50 சதவீதம், தாராளமாகக் காயவைக்கலாம். ஈரக்குமிழ் 28 என்றால் 85 சதவீதத்துக்கு மேல். அன்றைக்குக் கடலையைக் குவிக்காதீங்க. காற்றோட்டமான கூரைக்கடியில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்க. பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் போடாதீங்க, அது நஞ்சு.