கிந்தாவின் கருமணி

மணி என்றவுடன் மாணிக்கமும் மரகதமுமே நம் நினைவிற்கு வருகின்றன. கிந்தாப் பள்ளத்தாக்கிற்கும் உரிய மணி ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். வெள்ளீயக்கல்லே அது. அறிவியலார் அதனைக் 'கசிட்டரைட்' என்பர். வெள்ளீயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது.

ஈப்போவில் 1957ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நிலவியல் அருங்காட்சியகத்தில் இக்கல்லைக் காணலாம். செமோர் வட்டாரப் பள்ளி மாணவர் ஒரு காலைப் பொழுதில் சென்று திரும்பத்தக்க இடம். பளபளக்கும் படிகங்களின் முன் நிற்கும் மாணவர், இக்கரிய கல்லைக் கடந்து போய்விடுதல் இயல்பே. ஆசிரியர் அவர்களை நிறுத்த வேண்டிய இடம் அதுவேயாம்.

வெள்ளீயமும் உயிர்வளியும் கூடியது இக்கல். எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பங்கு வெள்ளீயம். இரும்புக் கலப்பால் பெரும்பாலும் கறுத்தோ பழுத்தோ தோன்றும். கலப்புக் குறைந்து தெளிவாக அமைந்தால், பட்டை தீட்டத்தக்க மணியாகும். வெள்ளொளியைப் பல நிறங்களாகப் பிரிப்பதில் அது வைரத்தையும் விஞ்சும். வைரத்தின் அளவு 0.044, இதன் அளவு 0.071. ஆயினும் அத்தகைய தெளிந்த கல் கிடைத்தல் மிக அரிது.

ஈப்போவை வளர்த்தது இதன் ஒளியன்று, எடையே. இது நீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு கனமானது; மணலோ 3 மடங்கிற்கும் குறைவு. கருங்கல் மலைகள் சிதைந்தபோது, மழைநீர் அடித்து வந்த ஈயக்கல் பள்ளத்தாக்கில் தங்கிற்று. மண்ணை நீரில் அலசினால் மணல் ஓடிவிடும். ஈயக்கல் அடியில் நிற்கும். சுரங்கத் தொழில் முழுவதும் இவ்வுண்மையின் மேல் நின்றதே. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. எஞ்சியவை குட்டைகள். அவை எவ்வாறு உண்டாயின என்பதை எடுத்துரைப்பார் இல்லையேல் இளைஞர் அறியார்.

ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம்மவர்க்கு ஈயம் அயலார் தொழிலாகத் தோன்றலாம். எனினும் நம் சமையற்கட்டில் அது பழகிய பொருளே. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியதும், ஈயச் சொம்பில் ரசம் வைத்ததும் நம் வழக்கம் அல்லவா?

ஈண்டுத் தமிழாசிரியர் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்றுண்டு. வெறுமனே 'ஈயம்' என்றால் வெள்ளீயமா, காரீயமா என்பது விளங்காது. காரீயம் உடலுக்கு நஞ்சு. சொம்பிற்கு உரியது வெள்ளீயமே. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் அக்கல்லின் முன்னே நின்று, அதன் தமிழ்ப் பெயரை மாணவர் தம் ஏட்டில் எழுதிக்கொள்ளச் செய்தல் நன்று. வீடு திரும்பியபின், ஈயச் சொம்பு பற்றிப் பாட்டியிடம் கேட்டு வரவும் சொல்லலாம்.