கரப்பான் பூச்சியின் வரலாறு: ஒரு திருத்தம்

வகுப்பறை அலமாரியைத் துப்புரவு செய்த மாணவன் ஒருவன், அவரைவிதை போன்ற பழுப்பு நிறப் பொருளொன்றைக் கொணர்ந்து, "ஐயா, இஃது என்ன?" என வினவினான். அது கரப்பான் பூச்சியின் முட்டைப்பை. "30 கோடி ஆண்டுகளாக மாறாத உயிர் இது" என்று, பல்லாண்டுகளாகக் கற்பித்தவாறே அவனுக்கும் கூறினோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோது, நாம் கூறியது பிழையென உணர்ந்தோம். அவன் கையிலிருந்த முட்டைப்பையே அதற்குச் சான்று!

நிலக்கரி உண்டான காலத்துப் பாறைகளில் கரப்பானை ஒத்த பூச்சிகளின் புதைபடிவங்கள் ஏராளம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிடைத்தவை ஏறத்தாழ 31 கோடி ஆண்டுப் பழைமையுடையன. பெரும்பாலும் இறக்கைகளே எஞ்சியமையால், அவற்றைக் கண்டோர் கரப்பான் என்றே எண்ணினர். ஆயின் முழு உடலுடன் கிடைத்த பெண் பூச்சிகள் சிலவற்றின் பின்புறத்தில் ஊசிபோல் நீண்ட முட்டையிடு குழல் காணப்படுகிறது. இன்றைய கரப்பானுக்கு அத்தகைய நீண்ட குழல் இல்லை. அது முட்டைகளைப் பையிலடைத்து இடுகிறது. ஆகவே அப்பழம்பூச்சி கரப்பான் அன்று. கரப்பானுக்கும் கும்பிடுபூச்சிக்கும் பொதுவான முன்னோரின் இனம்.

வியப்பு இன்னும் உண்டு. பால்மரத்தின் வேரில் புகுந்து, அடிமரத்தைக் குடைந்து, காற்றில் சாயவைக்கும் கரையானைத் தோட்டப் பாட்டாளிகள் நன்கறிவர். மரம் சாய்ந்தால் அன்றைய பாலும் போயிற்று. அக்கரையான் கரப்பான் குடும்பத்தில் தோன்றியதே என 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளக ஆய்வாளர்கள் மரபணு வழியே உறுதிப்படுத்தினர். எறும்புபோல் காணினும் எறும்புக்கு உறவன்று. பர்மாவின் காச்சின் பகுதியில், மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கரையான்கள் போர்வீரர்களுடனும் வேலைக்காரர்களுடனும் அகப்பட்டுள்ளன.

செபராங் ஜெயா அடுக்குமாடிச் சமையலறைகளில் இரவில் ஓடும் சிறிய கரப்பானோ மிக இளையது. 'ஜெர்மன் கரப்பான்' எனப்படும் அது, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ பர்மாவிலோ ஆசியக் கரப்பானினின்று பிரிந்ததென 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. மனிதர் குடியிருப்பை ஒட்டி வாழப் பழகி, வணிகரோடு மேற்கே சென்று, ஐரோப்பியர் கப்பல்களில் உலகெங்கும் பரவியது. சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பெயரைச் சூட்டியமையால், பழி அந்நாட்டிற்குப் போயிற்று.

மாணவன் கொணர்ந்த முட்டைப்பை இப்பொழுது கண்ணாடிக் குப்பியில் நம் மேசைமேல் உள்ளது. மூடியை இறுக மூடியே வைத்திருக்கிறோம்.