காலமுறைப் பணிகளும் அனுமதித் தடைகளும்

செஞ்சியில் 1714இல் போரில் மாண்ட தேசிங்குராசனைப் பற்றிய கதைப்பாடல் போன்றவற்றின் பாடவேறுபாடுகளை ஆராய்வோர் பலர், இன்று தம் தொகுப்புகளைக் கணினியில் பேணுகின்றனர். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில், இரவுதோறும் காப்புப்படி எடுக்கும் பணியைக் ‘கிரான்’ என்னும் நிரல் குறித்த நேரத்தில் இயக்கும். அப்பணி அனுமதியின்மையால் தடைப்பட்டு, அதனை எவரும் அறியாதிருப்பின், மூலக்கோப்பு அழியும் நாளில்தான் இழப்புப் புலனாகும். ஆதலின், அத்தடையின் காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் தெளியவேண்டுவது, கட்டளை யார் பெயரால் இயங்குகின்றது என்பதாம். நாம் விசைப்பலகையில் இடும் கட்டளை நம் பெயரால் இயங்கும். கிரான் இயக்குவதோ அட்டவணைக்குரிய பயனர் பெயரால் இயங்கும். எனவே, பகலில் நிறைவேறிய கட்டளை இரவில் மறுக்கப்படுதல் வியப்பன்று. பயனர் பெயரைக் காட்டும் கட்டளையை அப்பணியிலேயே சேர்த்து, விடையையும் பிழைச் செய்திகளையும் அப்பயனர் எழுதத்தக்க கோப்பொன்றில் பதிவித்தல் வேண்டும். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது வேறு. ‘கட்டளை காணப்படவில்லை’ என்பது வேறு. பின்னது பெரும்பாலும் கிரான் தேடும் இடங்கள் சிலவே ஆதலின் நேர்வது. கட்டளையின் முழுவழியையும் எழுதின் அது தீரும்.

இரண்டாவது, வழி. செஞ்சிக் கோட்டையின் இராசகிரி உச்சியை அடைவோர் வாயில்கள் பலவற்றைக் கடந்து, ஆழ்ந்த பிளவின்மேலுள்ள பாலத்தையும் கடத்தல் வேண்டும். இடையே ஒரு வாயில் அடைபடினும் உச்சி எய்துதல் அரிது. கோப்பும் அத்தகையதே. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்கலுக்கு 1 என எண்கள் உள. கோப்புறையைப் பொறுத்தவரை, இயக்கல் என்பது உள்நுழையும் உரிமையாகும். வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையும் அவ்வுரிமையைத் தருதல் வேண்டும்.

மூன்றாவது, உடைமை. முதற்சோதனையைத் தலைமைப் பயனராகிய ‘ரூட்’ நடத்தியிருப்பின், அன்று தோன்றிய கோப்பு ரூட்டுக்கே உரியதாகும். பின்னர்ப் பொதுப்பயனர் பெயரால் இயங்கும் பணி அதில் எழுத இயலாது போகும். கோப்பின் உரிமையாளரை மாற்றுதலே இதற்குத் தீர்வு.

அனைவர்க்கும் அனைத்துரிமையும் அளிக்கும் 777 என்னும் எண்ணை இடுவாரும் உளர். அது வாயில்களையெல்லாம் திறந்துவைத்தலை ஒக்கும். தடையுடன் காவலும் நீங்கிவிடும். யார், எவ்வழி, எவ்வுரிமை என்னும் மூன்றையும் முறையே வினவி, குறைந்தவிடத்துக் குறைந்த அளவே உரிமை அளித்தல் தக்கது. பின்னர் அப்பயனர் பெயராலேயே பணியை இயக்கிப் பார்த்து, எடுத்த படி திறக்கின்றதா என்றும் காணல் வேண்டும். படி திறந்து காணப்பட்டாலன்றித் தொகுப்புக் காக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது.