ஒப்பந்த வேலைக்கு முன்பணமும் தவணையும்

கூட்டுறவுச் சங்கங்கள் சொந்த நிலமும் கட்டடமும் பெற்ற பிறகு, அந்த இடத்தைச் சீர்திருத்தும் வேலைகளும் உடன் வருகின்றன. மேடுபள்ளத்தைச் சமன் செய்தல், மண் நிரப்புதல், வேலி அடைத்தல், நிழல் மரம் வைத்தல் ஆகியவற்றைச் சங்கங்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைக்கின்றன. பாவு நீட்டிக் கஞ்சி போடும் நெசவாளருக்கு மர நிழல் அலங்காரம் அன்று. தொழிலுக்கு வேண்டிய சாதனம். விளைபொருளை உலர்த்தும் விவசாயிக்குச் சமனான களமும் அத்தகையதே. ஆயினும், இவ்வேலைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையில் சங்கங்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை என்பதைச் சோதனைகளின்போது நாம் காண்கிறோம்.

ஒரு நெசவாளர் சங்கம், வேலியும் மரமும் வைப்பதற்குப் பேசிய தொகையில் பாதிக்கு மேல் முன்னதாகவே கொடுத்துவிட்டது. கற்கால்கள் நடப்பட்டன, குழிகள் தோண்டப்பட்டன, அத்துடன் வேலை நின்றது. ஒப்பந்தக்காரர் வேறு ஊரில் வேலை எடுத்துச் சென்றுவிட்டார். அவரை மோசக்காரர் என்று சொல்லுவதற்கில்லை. செய்த வேலையைக் காட்டிலும் அதிகமான பணம் கையில் இருக்கும்பொழுது, திரும்பி வருவதில் எவருக்கும் அவசரம் இராது. குற்றம் ஆளிடம் இருந்ததைவிட, பணம் கொடுத்த முறையிலேயே அதிகம் இருந்தது.

இருவகை வைப்பு

முதலில், ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் தொகைகளைப் பிரித்து அறிதல் வேண்டும். ஒப்பந்தக்காரர் சங்கத்திடம் கட்டுவது ஒருவகை. விலைப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகை, அவர் விளையாட்டாக விலை கேட்கவில்லை என்பதற்கு அடையாளம். வேலை கிடைக்காதவர்களுக்கு அதனை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேலை பெற்றவர் கட்டும் காப்புத் தொகை, அதனை ஒழுங்காக முடிப்பதற்கு ஈடு. சங்கம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் முன்பணம் மற்றொரு வகை. அது கூலியும் அன்று, இனாமும் அன்று; இனி செய்யப்போகும் வேலைக்காகக் கொடுத்த கடன். வேலை நடக்க நடக்க அது கழிக்கப்பட வேண்டும்.

தவணை அமைக்கும் விதி

விதி ஒன்றே: எந்தக் கட்டத்திலும், கொடுத்த பணத்தைவிட நிலத்தில் முடிந்து நிற்கும் வேலையின் மதிப்பு குறைந்திருத்தல் ஆகாது. முன்பணம் ஒன்றே இதற்கு விலக்கு. ஆதலின் அது சிறிதாக இருத்தல் வேண்டும்.

உதாரணமாக, ஒரு சங்கம் 3,00,000 ரூபாய்க்கு வேலை ஒப்படைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண் நிரப்பிச் சமன் செய்தல் 1,00,000, வேலி 90,000, குழி தோண்டி 40 கன்றுகள் நட்டு நீர்க்குழாய் அமைத்தல் 80,000, ஓராண்டுப் பராமரிப்பு 30,000 என்பது மதிப்பீடு. தவணைகளைப் பின்வருமாறு அமைக்கலாம்:

1. ஒப்பந்தம் கையெழுத்தானதும் முன்பணம்: ரூ. 30,000
2. மண்வேலை முடிந்து அளவெடுத்ததும்: ரூ. 65,000
3. வேலி முடிந்ததும்: ரூ. 80,000
4. கன்று நட்டு, குழாயில் நீர் ஓடுவதைப் பார்த்ததும்: ரூ. 75,000
5. ஆறு மாதப் பராமரிப்புக்குப் பின்: ரூ. 20,000
6. ஓராண்டு முடிவில்: ரூ. 30,000

மண்வேலை முடிந்தபோது வேலையின் மதிப்பு 1,00,000, கொடுத்தது 95,000. வேலி முடிந்தபோது 1,90,000க்கு 1,75,000. கன்று நட்டபோது 2,70,000க்கு 2,50,000. அதன்பின் ஒப்பந்தக்காரர் செய்யவேண்டிய வேலை 30,000 ரூபாய்க்கு. சங்கத்தின் கையிலோ அவருக்குரிய 50,000 ரூபாய் இருக்கிறது. விட்டுப் போவதைவிட முடித்துச் செல்வதே அவருக்கு லாபம். இந்த நிலை உண்டாக்குவதே தவணையின் நோக்கம்.

ஓராண்டு எதற்காக என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் ஐப்பசி மழையில் நட்ட கன்று எதுவும் தளிர்க்கும். அது வேர் பிடித்ததா என்பதைச் சித்திரை, வைகாசி வெயிலே சொல்லும். நட்ட மறுநாளே முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டால், அந்தக் கோடையில் நீர் ஊற்றுவதற்கு ஆள் இராது.

அளவே ஆதாரம்

"கொஞ்சம் மண் அடித்தல்" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் வழக்கு நிச்சயம். 100 அடி நீளமும் 60 அடி அகலமும் உள்ள களத்தை ஓர் அடி உயர்த்துவதற்கு 6,000 கன அடி, அதாவது 60 யூனிட் மண் கெட்டியான நிலையில் வேண்டும். லாரியில் வரும் மண் தளர்ந்தது. தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். ஆதலின் 60 யூனிட்டுக்கு மேலேயே மண் இறங்கியாக வேண்டும். லாரிக் கணக்கில் பணமா, நிரப்பி இடித்த அளவில் பணமா என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பின்னதே சங்கத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் வேலை தொடங்குமுன் இருவரும் கூடித் தரைமட்டத்தைக் குறித்துக்கொண்டால்தான் அது நியாயமாகும்.

குழியின் நீள அகல ஆழம், கன்றின் இனமும் உயரமும், கற்கால்களின் இடைவெளி, கம்பி வரிசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் இவ்வாறே எழுதுக. ஒவ்வொரு தவணைக்கும் முன் அளவுப் புத்தகத்தில் பதிந்து இருவரும் கையொப்பமிட்டு, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின்மேல் வங்கி மூலமாகவே பணம் கொடுத்தல் வேண்டும். நடுவில் கூடுதல் வேலை சொன்னால், அதன் விலையையும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தக்காரரின் நியாயம்

பணத்தைப் பிடித்துவைப்பதே சாமர்த்தியம் என்று எண்ணுதல் தவறு. ஒப்பந்தக்காரர் வாரந்தோறும் சனிக்கிழமை கூலி கொடுக்கவேண்டியவர். அளவெடுத்த பின்னும் தலைவர் ஊரில் இல்லை, கூட்டம் கூடவில்லை என்று மாதக்கணக்கில் தாமதித்தால், மண் சுமந்த கூலியாளின் அடுப்பு அணையும். அடுத்த முறை விலை கேட்பவர்களும் அந்தத் தாமதத்துக்காகச் சேர்த்தே விலை கேட்பார்கள். அளவெடுத்த ஏழு நாட்களுக்குள் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதனைச் சங்கம் காப்பாற்றுதல் வேண்டும்.

காப்புத் தொகையைப் பறிமுதல் செய்வதிலும் வரம்பு உண்டு. 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடு பெறவே இடந்தருகிறது. தண்டம் விதிக்க அன்று. இராணுவத்துக்கு உருளைக்கிழங்கு, கோழி, முட்டை, மீன் தருவதாக 1947 இல் ஒப்புக்கொண்ட மௌலா பக்ஷ் என்பவர் தவறியபோது, அவர் கட்டியிருந்த 18,500 ரூபாயை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சந்தை விலையைக் கொண்டு நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டாமல் தொகையை வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1969 இல் தீர்ப்பளித்தது. சங்கங்களும் இதனை நினைவில் வைத்தல் நலம். பட்டுப்போன கன்று ஒன்றுக்கு இவ்வளவு என்று, மறுநடவுக்கு உண்மையில் ஆகும் செலவையே முன்னதாக எழுதி வைத்தால், பிடித்தம் செய்வதற்கு நல்ல ஆதாரம் இருக்கும்.

அங்கத்தினர் கடமை

இவையெல்லாம் நிர்வாகக் குழுவின் பொறுப்பு என்று அங்கத்தினர்கள் ஒதுங்கிவிடலாகாது. சங்க நிதிக்கு அலட்சியத்தால் நஷ்டம் விளைத்தவர்களிடமிருந்து அதனை ஈடு செய்யத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 இன் 87 ஆவது பிரிவு வழிசெய்கிறது என்பது உண்மையே. ஆனால் தண்ட நடவடிக்கை நீண்டது. அதற்குள் கன்று பட்டுப்போகும், வேலி சாயும். தறியில் இருந்தும் வயலில் இருந்தும் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் அது. ஆகவே அடுத்த பேரவைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இதுவரை எவ்வளவு கொடுத்தோம்? அதற்கு எவ்வளவு வேலை முடிந்து நிற்கிறது? அதனை அளந்தவர் யார்? இம்மூன்றுக்கும் அளவுப் புத்தகத்தைத் திறந்து விடை சொல்லும் சங்கத்தின் பணம் பத்திரமாக இருக்கும். அதன் முற்றத்தில் மரமும் நிற்கும்.