பார்வை குறையக் குறைய மதுரையை வரைந்தவர்!

திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மதுரை. ஜவுளி எடுக்க, கண் காட்ட, கல்யாணத்துக்கு, சித்திரைத் திருவிழாவுக்கு என்று போக ஏதாவது ஒரு காரணம் வந்துகொண்டே இருக்கும். ஆனால், போகிற அவசரத்தில் அந்த ஊரை நாம் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்த்தவர் ஓவியர் மனோகர் தேவதாஸ். அதுவும், கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்!

1936-ல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி பள்ளி, அமெரிக்கன் கல்லூரி என்று எல்லாமே மதுரைதான். படித்தது வேதியியல், சென்னையில் பேட்டரி தொழிற்சாலையில் வேலை. ஓவியம் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில். மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மஹால், யானைமலை... எல்லாம் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், முடி இழை போன்ற கோடுகள்.

அவருக்கு வந்தது ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்ற விழித்திரை நோய். முதலில் இருட்டில் தடுமாற்றம் வரும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். ஒரு கோபுரத்தை முழுதாகப் பார்க்க முடியாதவர், அதைத் துண்டு துண்டாகப் பார்த்து, மனதில் சேர்த்துத் தாளில் இறக்கினார். (பரம்பரையாக வரக்கூடிய நோய் இது. வீட்டில் யாராவது மங்கிய வெளிச்சத்தில் அடிக்கடி இடறினால், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.)

1972 டிசம்பரில் இன்னொரு இடி. கார் விபத்தில் மனைவி மஹிமா கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2008-ல் அவர் இறக்கும்வரை அருகிலிருந்து கவனித்துக்கொண்டார் மனோகர். இவர் வரைய, அவர் குறிப்பு எழுத, வாழ்த்து அட்டைகள் தயாராயின. அதில் வந்த பணம் நற்பணிகளுக்குப் போனது. இதைத் தியாகம் என்று சொல்வதைவிட, நல்ல கூட்டுக் குடித்தனம் என்று சொல்லலாம்!

சென்னையின் பழைய கட்டடங்களையும் விடவில்லை. கட்டடக் கலைஞர் சுஜாதா சங்கருடன் சேர்ந்து ‘மெட்ராஸ் இங்க்ட்’ நூலைக் கொண்டுவந்தார். 2020-ல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில், 86 வயதில் மறைந்தார்.

மதுரைப் படங்களுக்கென்றே ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ என்ற புத்தகம் இருக்கிறது. எழுத்து ஆங்கிலம்தான். ஆனால், வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். படத்தைப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்.