முற்றத்தில் புல்லெண்ணெய் வாசம்

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. எங்கள் இறக்கக்கண்டி ஊரில் பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தால் காற்றுக்குக் குறைவில்லை. காற்று விழுந்ததும் நுளம்பு வந்துவிடும்.

அதற்கு நம் நாட்டிலேயே விளையும் மருந்து ஒன்று உண்டு, புல்லெண்ணெய். சிட்ரொனெல்லா என்பதும் இதுதான். அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் வளரும் மாணாப்புல்லை வெட்டி, ஆவியில் வடித்து எடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சந்தையில் இலங்கை எண்ணெய்க்கே முதலிடம். பின்னர் ஜாவா முந்திக்கொண்டது.

மாணாப்புல் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், தேசிக்காய் மணம் மூக்கில் ஏறும். அந்த மணம் நுளம்பை விலக்கிவைக்கும். ஆனால் எண்ணெய் விரைவில் ஆவியாகிவிடும். கடற்காற்றில் இன்னும் விரைவு. புல்லெண்ணெய் மெழுகுதிரியை மட்டும் நம்பி வெளியே உட்காருவது வீண். தோலில் பூசுவதென்றால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு போதும். மணிக்கொரு தடவை திரும்பப் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம்.

வேப்பிலை, நொச்சிப் புகையும் நல்லதுதான். வீட்டில் இழுப்பு நோயாளர் இருந்தால் புகையைத் தவிருங்கள்.

பின்னேர நுளம்போடு கதை முடியவில்லை, டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். சிரட்டையில் தேங்கிய மழைநீரில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெருகிவிடும். மாரி தொடங்குமுன் முற்றத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.